உயிரேறா மெய்: ஜெர்மன் மொழியை நாம் ஒலிக்குமாறு

பிறமொழி கற்பார்க்குப் பொருளறிவும் இலக்கண அறிவும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது ஒலியறிவு. ஆயினும் நம் மாணவரிடையே முன்னிரண்டும் பெறும் மதிப்பில் நாலிலொரு பங்கையேனும் மூன்றாவது பெறுவதில்லை. 'எழுத வருகிறது, படித்தால் விளங்குகிறது, வாயால் எப்படிச் சொன்னால் என்ன?' என்பதே பலருடைய எண்ணம். ஜெர்மன் மொழியைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெருந்தவறானது என்பதையும், அம்மொழியின் மெய்யெழுத்துக் கூட்டங்களைச் செவ்வனே ஒலிப்பதற்கு வேண்டிய கருவிகள் நம் தாய்மொழியின் உள்ளேயே கிடக்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

ஜெர்மன் மொழி நமக்கு எதற்கு என்று வினவுவார்க்கு விடை நம் ஊரிலேயே இருக்கின்றது. கார்த்திகைத் தீபம் முடிந்த நாள்முதல் மாசி மாதம் வரையில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பவர் செவியில் பல நாட்டு மொழிகள் விழும். அவற்றுள் ஜெர்மனும் ஒன்று. 1896ஆம் ஆண்டில் இளைஞராய் இம்மலையடிவாரத்துக்கு வந்து, 1950ஆம் ஆண்டில் மறையும் வரையில் இதனை விட்டு நீங்காது வாழ்ந்த ரமண மஹரிஷியைப் பற்றி ஜெர்மன் மொழியில் நூல் எழுதியவர் ஹைன்ரிக் சிம்மர் என்னும் பேராசிரியர். அவர் இந்திய மண்ணை ஒருமுறையும் மிதித்திலர். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே காலமானார். மறு ஆண்டில், சுவிட்ஸர்லாந்து நாட்டு உளவியலறிஞர் யுங் என்பார் பதிப்பிக்க, அந்நூல் சூரிச் நகரில் வெளிவந்தது. 'டேர் வேக் த்ஸும் ஸெல்ப்ஸ்ட்' என்பது அதன் பெயர். 'தன்னை நோக்கிச் செல்லும் வழி' என்று பொருள்படும். நான் யார் என்னும் விசாரணையையே உபதேசமாக வழங்கியவரைப் பற்றிய நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. ஆனால், 'தான்' என்று பொருள்படும் அந்த 'ஸெல்ப்ஸ்ட்' என்னும் சொல்லை, இடையிலும் ஈற்றிலும் உயிரெழுத்தொன்றும் ஏறாமல் சொல்ல வல்லார் நம்மில் எத்தனை பேர்? ல், ப், ஸ், ட் என நான்கு மெய்கள் அங்கே தோளோடு தோள் உராய்ந்து நிற்கின்றன. நம் நாவோ, 'ஸெல்புஸ்டு' என்று இரண்டு உகரங்களை விருந்தாக அழைத்துக்கொண்டு வருகின்றது.

இத்தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் ஜெர்மானியர்; டென்மார்க்கு மன்னரால் அனுப்பப்பெற்றவர். அவர் இயற்றிய தமிழிலக்கண நூல் 1716ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாயிற்று. கார்ல் கிரவுல் என்னும் மற்றொரு ஜெர்மானியப் பெரியார் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856ஆம் ஆண்டில் வெளியிட்டார். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் துணைகொண்டு நிறுவப்பெற்றது. இக்காலத்திலோ, மேற்படிப்புக்காகவும் மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றவும் நம் இளைஞர்கள் அந்நாட்டுக்குச் செல்கின்றனர். செவிலியர் பணிக்குப் பொதுவாக ஐரோப்பிய மொழித்தர அளவையில் பி-2 என்னும் நிலை கோரப்படுகின்றது. எனவே இது வெறும் பண்டித விவகாரமன்று. பலர்க்கு வயிற்றுப்பாடும், சிலர்க்கு உயிர்ப்பாடும் ஆகும்.

இனி, நம் நா ஏன் இடறுகின்றது என்பதைப் பார்ப்போம். குறை நாவில் இல்லை. நாம் பிறந்து வளர்ந்த மொழியின் சட்டத்தில் இருக்கின்றது. தனி மெய்யெழுத்து எச்சொல்லுக்கும் முதலாகாது என்பது தொல்காப்பியம் தொட்டு நன்னூல் வரையில் வழுவாது வந்த விதி. வல்லின மெய் ஆறனுள் ஒன்றேனும் சொல்லின் ஈற்றில் நில்லாது என்பது மற்றொரு விதி. ஆதலின் தமிழ்ச் சொல்லுக்கு முன்வாயில், பின்வாயில் இரண்டிலும் காவல் உண்டு. அயல்மொழிச் சொல் ஒன்று மெய்க்கூட்டத்தோடு முன்வாயிலில் வந்து நின்றால், ஓர் இகரமோ உகரமோ அதனை எதிர்கொண்டு அழைக்கும். அல்லது கூட்டத்துள் ஒருவர் வெளியே நிறுத்தப்படுவார். ப்ரஹ்மா பிரமன் ஆனதும், லக்ஷ்மணன் இலக்குமணன் ஆனதும், ஸ்தம்பம் தம்பம் ஆனதும் இவ்வாறே. ஈற்றிலே வல்லினம் வந்து நின்றால் குற்றியலுகரம் அதன் கைபிடித்துக்கொள்ளும்.

சீகன்பால்கு என்னும் பெயரே இதற்குச் சிறந்த சான்று. அப்பெரியாரை அவர்தம் நாட்டார் 'த்ஸீகென்பால்க்' என்று அழைப்பர். நாம் முன்வாயிலில் நின்ற தகர மெய்யைத் தள்ளினோம்; பின்வாயிலில் ஓர் உகரத்தைச் சேர்த்தோம்; பெயர் தமிழாயிற்று. இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஐரோப்பியரும் நம் பெயர்களை இவ்வாறே நடத்தினர். ஆனால் அவர்கள் செய்தது நாம் செய்ததற்கு நேர் மாறானது. நாம் உயிரைக் கூட்டினோம்; அவர்கள் உயிரைக் கழித்தனர். தரங்கம்பாடி 'ட்ராங்கெபார்' ஆயிற்று. திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிகேன்' ஆயிற்று. நம் திருவண்ணாமலை, 1767ஆம் ஆண்டில் ஹைதர் அலியோடு ஆங்கிலேயர் இங்கே பொருத போரைப் பற்றிய ஆங்கில வரலாறுகளில், 'ட்ரினோமலி' என்று சுருங்கி நிற்கின்றது. தகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே நாம் பேணிவைத்த உயிரை அவர்கள் நா விழுங்கிவிட்டது. ஒவ்வொரு மொழியும் தன் வீட்டுக்கு வந்த விருந்தினனுக்குத் தன் உடையையே உடுத்துகின்றது.

இங்கே ஒரு வரையறை செய்துகொள்ளல் வேண்டும். தமிழில் எழுதுங்கால், தமிழில் பேசுங்கால், தமிழ் மரபே செல்லும். சீகன்பால்கு என்றும் கிரவுல் என்றும் நாம் எழுதுவது பிழையன்று; அதனை மாற்றுதல் வேண்டுமென்று நான் கூறவுமில்லை. ஆனால் ஜெர்மன் மொழியிலே பேசத் தொடங்கியபின் நாம் விருந்தினராய் அவர்கள் வீட்டுக்குள் புகுகின்றோம். அங்கே அவர்கள் சட்டமே செல்லும். நம் வீட்டுக் காவலரை அங்கும் அழைத்துச் செல்லுதல் தகாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே நம்மவர் இடர்ப்பாட்டுக்கெல்லாம் வேர்.

முன்வாயிலைப் பற்றி முதலில் ஆராய்வோம். மெய்க்கூட்டத்தின் இடையே ஓர் உயிரைச் செருகினால் கேட்பார்க்குச் சிறிது விகாரமாகத் தோன்றுமேயன்றிப் பொருள் கெடுமோ எனின், கெடும். 'ப்ராடென்' என்பது ஜெர்மன் மொழியில் இறைச்சி முதலியவற்றை வறுத்தலையும் பொரித்தலையும் குறிக்கும் வினை. 'பெராடென்' என்பது ஒருவர்க்கு ஆலோசனை கூறுதலைக் குறிக்கும் வினை. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை, பகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே மெல்லென ஒலிக்கும் ஓர் உயிரே. நம்மவர் ஒருவர் 'பிராடென்' என்று இடையில் இகரம் இட்டுச் சொல்வாராயின், மீன் வறுக்கப்போவதாக அவர் கூறியது கேட்பவர் செவியில் மீனுக்கு ஆலோசனை கூறப்போவதாக விழக்கூடும். அவ்வாறே 'க்லைடென்' என்றால் வழுக்கிச் செல்லுதல். 'கெலைடென்' என்றால் ஒருவரை உடன்சென்று வழியனுப்புதல். உயிரெழுத்து அம்மொழியில் அலங்காரப் பொருளன்று. அஃது இருத்தலும் இல்லாமையும் சொல்லையே வேறாக்கும்.

இதற்குப் பரிகாரம் என்ன? சொல்லின் முதலில் மெய்க்கூட்டம் நமக்குப் புதிதேயாயினும், சொல்லின் நடுவில் அது புதிதன்று. அன்றாடம் நாம் வழங்கும் சொற்களில், வடமொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்டவற்றில், அக்கூட்டங்களெல்லாம் இருக்கின்றன. அண்ணாமலை அக்னித்தலம் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். 'அக்னி' என்று சொல்லி, முதல் அகரத்தை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எஞ்சியதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுக. 'க்னி' என்று வருமன்றோ? அதுவே 'க்னாடெ' என்னும் ஜெர்மன் சொல்லின் தொடக்கம். அருள் என்பது அதன் பொருள். தேவாலயத்திலும் வழங்கும், ஆசிரமத்தைப் பற்றிய பேச்சிலும் வழங்கும். 'கஷ்டம்', 'நஷ்டம்' என்பவற்றின் நடுவிலுள்ள 'ஷ்ட' என்பதை எடுத்துக்கொண்டால், கல் என்னும் பொருளுடைய 'ஷ்டைன்' கைவந்துவிடும். 'புஷ்பம்' என்பதன் பின்பாதி, விளையாட்டைக் குறிக்கும் 'ஷ்பீல்' என்பதற்கு வழிகாட்டும். 'கிருஷ்ணன்' என்பதன் நடுவே, பனியைக் குறிக்கும் 'ஷ்னே' என்பதற்கு வழி பிறக்கும். 'உத்ஸவம்' என்று வடமொழியாளர் சொல்வதில் உகரத்தை விழுங்கினால் 'த்ஸ' எஞ்சும். காலம் என்னும் பொருளுடைய 'த்ஸைட்', அறை என்னும் பொருளுடைய 'த்ஸிம்மர்' ஆகிய இரண்டும் அதனால் எளிதாகும். மேலே கூறிய பேராசிரியரின் குடும்பப் பெயரும் இந்தத் 'த்ஸிம்மர்' என்பதே.

சுருங்கச் சொன்னால், நாம் புதிதாகக் கற்க வேண்டுவது ஒலியையன்று. துணையின்றித் தொடங்கும் துணிவையே. முதற்கண் முழுச்சொல்லையும் சொல்லுதல், பின் முதலுயிரை முணுமுணுத்தல், பின் அதனை மௌனமாக்குதல் என மூன்று படியில் இப்பழக்கம் வந்துவிடும். நாள்தோறும் கால்மணி நேரம் செலவிட்டால் சில வாரங்களில் நா வசப்படும்.

முன்வாயிலில் மற்றொரு பகைவனும் உண்டு. அவன் நமக்கு முன்னரே பழக்கமான ஆங்கிலம். ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே ரோமன் எழுத்துக்களை வழங்குவதால், நம் மாணவர் ஜெர்மன் எழுத்தை ஆங்கிலக் கண்ணால் படிக்கின்றனர். 'எஸ், டீ' என்று தொடங்கும் சொல்லை ஆங்கிலேயர் 'ஸ்ட' என்பர். ஜெர்மானியர் 'ஷ்ட' என்பர். தெருவைக் குறிக்கும் சொல் 'ஷ்ட்ராஸெ'யேயன்றி 'ஸ்ட்ராஸெ' அன்று. 'எஸ், பீ' என்று தொடங்குவதும் இவ்வாறே; மொழி என்னும் பொருளுடைய சொல் 'ஷ்ப்ராஹெ'. 'கே, என்' என்று தொடங்கும் முழங்காலின் பெயரை ஆங்கிலேயர் ககரத்தை ஊமையாக்கி 'நீ' என்பர்; ஜெர்மானியர் ககரத்தை விடாது 'க்னீ' என்பர். 'இசட்' என்னும் எழுத்து அவர்களுக்கு ஒருபோதும் ஜகரமன்று. எங்கும் 'த்ஸ்' தான். 'க்யூ, யூ' என்பது 'க்வ' ஆகும், நீரூற்று 'க்வெல்லெ'. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்பதில் சொற்பொருளுக்கு ஆதாயமுண்டு. ஒலிக்கோ நட்டமே மிகுதி. ஒலியைத் தமிழிலிருந்தே தொடங்கிக் கற்பது நேர்வழி.

இனிப் பின்வாயிலுக்கு வருவோம். இங்கே விளையும் கேடு முன்னதினும் பெரிது. 'ஏர் லேப்ட்' என்றால் 'அவர் உயிரோடிருக்கின்றார்' என்பது பொருள். 'ஏர் லேப்டெ' என்றாலோ 'அவர் வாழ்ந்தார்' என இறந்தகாலம் ஆகிவிடும். ஜெர்மன் மொழியின் வினைகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஈற்றில் டகரமெய் நின்றால் நிகழ்காலம். அதன்மேல் மெல்லிய எகரம் ஒன்று ஏறினால் இறந்தகாலம். 'ஸாக்ட்' என்றால் சொல்கின்றார். 'ஸாக்டெ' என்றால் சொன்னார். 'ப்ரௌஹ்ட்' என்றால் தேவைப்படுகின்றது. 'ப்ரௌஹ்டெ' என்றால் தேவைப்பட்டது. நம் நாவோ ஈற்று வல்லினத்தின்மேல் ஓர் உகரத்தை வைக்காமல் ஓயாது. 'லேப்டு' என்று நாம் சொல்லும் அரைமாத்திரை உகரத்தைக் குற்றியலுகரம் என்று அவர்கள் அறியார். இறந்தகால எகரமாகவே கொள்வர். மருத்துவமனையில் நோயாளியின் சுற்றத்தார் கலங்கி நின்று வினவும்போது, செவிலி ஒருத்தி இவ்வொரு பிழையோடு விடை கூறுவாளாயின் அவர்கள் நிலை என்னாகும்? மெய்யின்மேல் உயிரை ஏற்றினோம். மனிதரின் உயிரைப் போக்கிவிட்டோம்.

மருத்துவமனையின் பிற சொற்களும் இத்தகையனவே. மருத்துவர் 'ஆர்ட்ஸ்ட்', ஈற்றில் ரகரத்தின்பின் மூன்று மெய்கள். வலி 'ஷ்மெர்ட்ஸ்', முன்வாயிலில் இரண்டு, பின்வாயிலில் மூன்று. ஊசி போடுதலுக்குரிய சொல் 'ஷ்ப்ரிட்ஸெ'. பணி என்னும் பொருளுடையது 'டீன்ஸ்ட்'. இறைவழிபாட்டைக் குறிக்கும் 'கொட்டெஸ்டீன்ஸ்ட்' என்பதன் ஈறும் அதுவே. இச்சொற்களைத் தாளில் எழுதி நூற்றுக்கு நூறு பெறுதல் எளிது. நோயாளியின் படுக்கையருகே நின்று சொல்லுதலே சோதனை.

பின்வாயிலுக்கும் தமிழே மருந்து தரும். வாழ்த்து, பார்த்து, தேய்த்து என யகர ரகர ழகரங்களின்பின் இரண்டு மெய்கள் அடுத்து நிற்றலை நம் இலக்கணம் ஒப்புக்கொள்கின்றது. மூன்று மெய்களை ஒருங்கே தாங்கும் ஆற்றல் நமக்குப் பிறவியிலேயே உண்டு என்பதற்கு இதுவே சான்று. இலக்கணம் ஒப்பாத கூட்டங்களையும் நம் பேச்சு வழக்கு அன்றாடம் ஆக்கிக்கொண்டிருக்கின்றது. 'இப்படி' என்பதை வீட்டில் 'இப்டி' என்கிறோம். 'சாப்பிட்டான்' என்பதைச் 'சாப்ட்டான்' என்கிறோம். அங்கே பகரத்தின் பின் டகரம் உயிரின்றி ஒட்டி நிற்கின்றது. 'இப்டி' என்று சொல்லத் தொடங்கி, நுனிநா மேலே தொட்டவுடன் இகரத்துக்கு இடங்கொடாது வாயை அடக்கி, மூச்சை மட்டும் விடுக. 'லேப்ட்' என்பதன் ஈறு அதுதான். நீண்ட கூட்டங்களைப் பின்னிருந்து முன்னாகக் கட்டுதல் நலம். முதலில் 'ஸ்ட்' என்று மட்டும் பலமுறை சொல்லுக, பின் 'ப்ஸ்ட்', பின் 'எல்ப்ஸ்ட்', இறுதியில் 'ஸெல்ப்ஸ்ட்'. சுவரைக் கீழிருந்து எழுப்புவது போல ஈற்றை உறுதியாக்கிவிட்டால் மேற்பகுதி தானே நிற்கும்.

ஈற்றைப் பற்றி இன்னும் ஒன்று. ஜெர்மன் மொழியில் சொல்லின் ஈற்றில் நிற்கும் 'பீ, டீ, ஜீ' என்னும் மெல்லொலி எழுத்துக்கள் வன்மையாகவே ஒலிக்கப்படும். சக்கரத்தின் பெயரும் ஆலோசனையின் பெயரும் எழுத்தில் வேறுபட்டிருந்தும், வாயில் இரண்டும் 'ராட்' என்றே வரும். எழுத்து ஒன்றாயிருக்க ஒலி இடத்துக்கேற்ப மாறுதல் ஆங்கிலேயனுக்கு விந்தை. தமிழனுக்கு அதில் விந்தை என்ன? 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்றிலும் எழுத்து ஒரே ககரம்; ஒலி மூன்று. யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. இடத்தைப் பார்த்து நாவே மாற்றிக்கொள்கின்றது. அந்த உணர்வையே ஜெர்மன் மொழிக்கும் கொண்டுசென்றால் போதும்.

தமிழில் முழுதும் இல்லாத ஒலிகள் சில உண்டு என்பதையும் மறைத்தற்கில்லை. 'சீ, ஹெச்' என்னும் இரட்டையெழுத்து அவற்றுள் தலையாயது. அ, ஒ, உ என்பவற்றின் பின் அது தொண்டையடியில் மூச்சு உரசும் ஒலியாகும். 'மகன்' என்பதை விரைந்து சொல்லும்போது ககரம் நெகிழ்வதைக் கவனித்தால், அந்நெகிழ்ச்சிக்கு அருகில் அவ்வொலி இருப்பதை உணரலாம். இதனை வன்மையான ககரமாக்கிவிட்டால் நகைப்புக்கிடமாகும். 'நஹ்ட்' என்றால் இரவு. 'நக்ட்' என்றால் ஆடையற்ற நிலை. இரவில் விடைபெறுவோர் வாழ்த்துக் கூறும்போது இவ்வேற்றுமையை நினைவிற் கொள்வது நலம். எ, இ என்பவற்றின் பின்னும் மெய்யின் பின்னும் அதே இரட்டையெழுத்து வேறொலி பெறும். யகரம் சொல்வதற்கு நாவை வைத்துக்கொண்டு, குரலை எழுப்பாமல் மூச்சை மட்டும் ஊதினால் அவ்வொலி பிறக்கும். நம்மவர் இதற்குப் பதிலாக ஷகரத்தை இடுவர். தேவாலயத்துக்கு ஜெர்மன் பெயர் ஏறக்குறைய 'கிர்ஹ்யெ'. 'கிர்ஷெ' என்றாலோ அது செர்ரிப்பழம். ஞாயிறுதோறும் செர்ரிப்பழத்துக்குள் சென்று வருவதாக நாம் கூறினால் கேட்பவர் என்ன நினைப்பார்?

மற்றொன்று 'பீ, எஃப்' என்னும் கூட்டம். இதழிரண்டையும் மூடிப் பகரத்துக்கு ஆயத்தமாகி, திறக்கும் அக்கணத்திலேயே கீழிதழை மேற்பல்லோடு உரசவிட வேண்டும். செவிலியர் தொழிலுக்கே ஜெர்மன் மொழியில் 'ப்ஃப்லேகெ' என்பது பெயர். தொழிலின் பெயரையே தவறாகச் சொல்லுதல் அழகன்று. இதற்கு மாறாக, நமக்கு மிக எளிதானதும் ஒன்றுண்டு. விரல் என்னும் பொருளுடைய சொல் 'ஃபிங்ஙர்', பாடுதல் 'ஸிங்ஙென்'. 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்று சொல்லும் வாய்க்கு இதில் என்ன இடர்? 'தங்கம்' என்பதுபோல் ககரத்தைக் கலவாமல் 'அங்ஙனம்' என்பதுபோல் சொன்னால் முடிந்தது. டகரமும் அவ்வாறே. ஜெர்மானியர் டகரம் நாவை மடித்துச் சொல்லும் நம் டகரமன்று. பல்லைத் தொடும் தகரமுமன்று. இரண்டிற்கும் நடுவே, மேற்பல்லின் பின்னுள்ள ஈறு மேட்டில் பிறப்பது. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி', 'காற்று' என்னும் சொற்களில் றகர இரட்டையை ஒலிக்கும் இடம் அதுவே. தமிழகத்தில் நாம் பெரும்பாலும் இழந்துவிட்ட அவ்வொலியை ஈழத்தமிழர் இன்றும் பேணுகின்றனர். அவர்களுள் பல்லாயிரவர் ஜெர்மனியில் குடியேறி, ஹாம் நகரில் காமாட்சியம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி, 2002ஆம் ஆண்டில் குடமுழுக்கும் கண்டிருக்கின்றனர். ஜெர்மன் டகரத்துக்கு அவர்களுடைய 'வெற்றி'யே நல்ல ஆசிரியன்.

இவற்றுக்கெல்லாம் மறுப்புக் கூறுவாரும் உளர். 'ஜெர்மானியரே இடத்துக்கு இடம் வேறு வேறாக ஒலிக்கின்றனரே, எதைச் சரியென்பது?' என்பது ஒரு மறுப்பு. உண்மைதான். வடகடற்கரைப் பகுதியின் பழைய வழக்கில் சொல்லின் முதலிலும் 'ஸ்ட' என்பதுண்டு. தென்மேற்கே ஸ்வாபியர் ஈற்றிலும் 'ஷ்ட்' என்பர். சுவிட்ஸர்லாந்தார் இகரத்தின் பின்னும் தொண்டையொலியையே வழங்குவர். வடபுலத்தார் பலர் 'ப்ஃப' என்பதில் பகரத்தை விட்டுவிடுவதுமுண்டு. இவ்வேறுபாடுகளால் இடர்ப்பட்டே, 1898ஆம் ஆண்டில் தியோடோர் ஸீப்ஸ் என்னும் அறிஞர் நாடகமேடைக்குரிய உச்சரிப்பை வரையறுத்து நூல் வெளியிட்டார். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் வேறாயிருப்பதால் தமிழுக்கு ஒலிமரபு இல்லையென்று யாரும் சொல்லார். அயலார் கற்க வேண்டுவது எங்கும் செல்லும் பொதுவழக்கையே. அதன்பின் எந்த ஊரில் வாழ்கின்றாரோ அவ்வூர் வழக்கு தானே வந்து ஒட்டிக்கொள்ளும். மேலும், எந்த ஜெர்மானியரும் ஈற்றில் உகரம் சேர்ப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க.

'அவர்கள் நம் பிழையைப் பொறுத்துக்கொள்வர்' என்பது மற்றொரு மறுப்பு. பொறுத்துக்கொள்வர், அதுவே அஞ்சத்தக்கது. பொறுத்துக்கொள்பவர் திருத்தார், புன்னகைத்து, ஆங்கிலத்துக்கு மாறிவிடுவர். அன்றோடு நம் கல்வி நின்றுவிடும். நம் ஊருக்கு வரும் ஐரோப்பியர் ஒருவர் 'டிருவனமலை' என்றால் நாமும் பொறுத்துக்கொள்கின்றோம். ஆனால் மற்றொருவர் ணகரத்தை இரட்டித்து, ளகரம் வேறு லகரம் வேறு ழகரம் வேறெனப் பிரித்துச் சொல்வாராயின், அவரிடம் நம் மனம் தனியே நெகிழ்கின்றதன்றோ? நம்மை மதித்து உழைத்திருக்கின்றார் என்று உணர்கின்றோம். அம்மதிப்பை நாமும் பிறர்க்கு அளித்தல் கடன்.

இதற்கென நம் கல்லூரியில் பெருஞ்செலவு எதுவும் வேண்டுவதில்லை. ஜெர்மன் பயில்வோர் நாலைந்து பேர் கூடி, நாளொன்றுக்குப் பத்துச் சொற்களை உரக்க வாசித்தால் போதும். ஒருவர் சொல்ல, மற்றவர் புத்தகத்தைப் பாராது செவியால் மட்டும் கேட்டு, 'ப்ராடென்' என்றாரா 'பெராடென்' என்றாரா, 'லேப்ட்' என்றாரா 'லேப்டெ' என்றாரா என்று தாளில் குறித்துக்கொள்ளட்டும். கேட்டவர் குறித்ததும் சொன்னவர் கருதியதும் ஒத்துவந்தால் ஒலி சரியாயிற்று. கைப்பேசியில் தம் குரலைப் பதிந்து, ஜெர்மானியர் குரலோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் இந்நாளில் எளிது. ரமணாசிரமத்துக்கு வருவோரைத் தேடிச் சென்று பாடம் கேட்கலாமே என்று சிலர்க்குத் தோன்றலாம். மௌனத்தை நாடி ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவரிடம் உச்சரிப்புப் பாடம் கேட்டல் பண்பன்று. வெளியே தேநீர்க் கடையிலோ புத்தகக் கடையிலோ அவர்களே பேச முன்வந்தால், அப்போது நம் ஜெர்மன் அவர்கள் செவிக்கு வருத்தம் தராதிருக்குமாறு ஆயத்தமாயிருத்தலே நம் பொறுப்பு.

சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்ற முறையை நம் மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் பயின்ற அப்பெரியார், சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்தை எழுதி, அவர்கள் சொன்னவாறே தாமும் வாய்விட்டுச் சொல்லித் தமிழ் கற்றார். தம் நாட்டு வழக்கில் ஒலித்தால் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அவர் நம் மொழிக்குச் செய்த மரியாதை அது. அவர் மொழிக்கு நாம் செய்ய வேண்டுவதும் அவ்வளவே: மெய் நிற்க வேண்டிய இடத்தில் மெய்யைத் தனியே நிற்க விடுவது.